சிறுநீர்ப் பாதையும் சி.ரி. படமும்

கொழும்பு மாநகரிலே மாளிகாவத்தை என்றதும் பலரின் நினைவுக்கு முதலில் வருவது கெத்தாராமை விளையாட்டரங்கு. ஆயினும் துடுப்பாட்டப் போட்டி காண்பதற்கன்றி, வேறொரு காரியமாக நாள்தோறும் மாளிகாவத்தைக்கு வந்து சேர்வோரும் உளர். சிறுநீரக நோய், இரத்தச் சுத்திகரிப்பு, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றுக்கான தேசிய நிறுவனம் அங்கேதான் இயங்கி வருகின்றது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வருவோரும், வெளி மாவட்டங்களிலிருந்து இரவுப் பயணம் செய்து விடியற்காலையில் வந்திறங்குவோரும் அங்கே உண்டு. அவர்களிற் பலரின் கையிலே ஒரு பெரிய உறை இருக்கும். அதனுள்ளே குருதிப் பரிசோதனைத் தாள்களோடு கதிர்ப்படங்களும் இருக்கும்.

அந்த உறையைச் சுமந்து வருவோரிடம், "படத்திலே என்ன தெரிகிறது?" என்று கேட்டால், "ஸ்கான் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை" என்பார் ஒருவர். "ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள், என்ன நேருமோ" என்று கலங்குவார் மற்றொருவர். அளவுகடந்த நம்பிக்கையும் அளவுகடந்த அச்சமும் ஒரே பொறியின் மீது வைக்கப்படுகின்றன. சி.ரி. என்று சுருக்கமாக வழங்கும் கணனிக் குறுக்குவெட்டுப் படம், சிறுநீர்ப் பாதையைப் பொறுத்தவரை எதைக் காட்டும், எதைக் காட்டாது, அதற்கு நோயாளி செலுத்தும் விலை யாது என்பவற்றை ஓரளவேனும் அறிந்துகொள்வது இவ்விரு நிலைகளுக்கும் நல்ல மருந்தாகும்.

சிறுநீரகங்கள் இரண்டும் முதுகெலும்பின் இருமருங்கிலும், கீழ் விலாவெலும்புகளையொட்டி, வயிற்றறையின் பின்புறத்தே அமைந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கைப்பிடி அளவினது. அங்கிருந்து சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டு செல்லும் குழாய் 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதன் உட்புறமோ சில மில்லிமீற்றர் அகலமே. இக்குழாயில் இயல்பாகவே ஒடுங்கிய இடங்கள் மூன்று உண்டு: சிறுநீரகத்தை விட்டு வெளியேறும் இடம் ஒன்று; இடுப்பெலும்பின் விளிம்பிலே பெரிய குருதிக் குழாய்களைக் கடக்கும் இடம் மற்றொன்று; சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் மூன்றாவது. நம் முன்னோர் கல்லடைப்பு என்று பெயரிட்ட துன்பம் பெரும்பாலும் இம்மூன்று வாயில்களில் ஒன்றிலேயே நிகழ்கின்றது. இவ்வளவு மெல்லிய குழாயொன்று, குடலுக்கும் தசைக்கும் எலும்புக்கும் இடையே மறைந்து கிடக்கையில், அதனை வெளியிலிருந்து காண்பது எங்ஙனம்?

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் திகதி ஜேர்மனியில் வில்ஹெல்ம் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரில் ஜோன் மக்கின்ரயர் என்னும் வைத்தியர் சிறுநீரகக் கல்லொன்றின் நிழலைப் படத்தில் பிடித்துக் காட்டினார். கல்லிலே கல்சியம் இருந்தால் எக்ஸ் கதிரைத் தடுக்கும். படத்திலே வெண்மையாகத் தெரியும். ஆனால் கல் கிடக்கும் குழாய் தெரியாது. யூரிக் அமிலத்தால் ஆகிய கல்லோ சிறிதும் தெரியாது.

இக்குறை 1929ஆம் ஆண்டில் ஓரளவு தீர்ந்தது. ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மோசஸ் சுவிக் என்னும் இளம் அமெரிக்க வைத்தியர், அயடீன் கலந்த மருந்தொன்றை நாளத்தின் வழியாகச் செலுத்தினார். சிறுநீரகம் அம்மருந்தைப் பிரித்துச் சிறுநீருடன் வெளியேற்றியது. அயடீன் எக்ஸ் கதிரைத் தடுப்பதால், மருந்து சென்ற வழியெல்லாம் படத்திலே துலங்கியது. அதன்பின் ஏழு பதின்மங்களாக உலகெங்கும் சிறுநீர்ப் பாதையைக் காணும் முதன்மையான முறை இதுவாகவே இருந்தது. முதல் நாள் பேதி மருந்து உட்கொண்டு வந்த நோயாளி மேசைமீது படுத்திருக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடிக்கப்படும். அடைப்புற்ற சிறுநீரகம் மருந்தை மிக மெதுவாகவே வெளியேற்றும். ஆதலால் வலியால் துடிக்கும் நோயாளி சில வேளைகளில் மணிக்கணக்காகக் காத்திருக்கவும் நேர்ந்தது. இத்தனைக்குப் பின்னும் கிடைத்தது நிழற்படமே. முன்னுள்ள குடலின் நிழலும் பின்னுள்ள எலும்பின் நிழலும் ஒன்றன்மீது ஒன்று படிந்து குழப்பின.

நிழலுக்குப் பதிலாக வெட்டுமுகத்தைக் காட்டும் வழியைத் தந்தவர், இசைத்தட்டுகளால் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. என்னும் ஆங்கிலக் கம்பனியின் பொறியியலாளர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட். ஒரு முழுப் பாணை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே உள்ள துளைகள் தெரிவதில்லை. அதனைத் துண்டு துண்டாக அரிந்து ஒவ்வொரு துண்டையும் நோக்கினால், எந்தத் துளை எங்கே இருக்கின்றது என்பது விளங்கும். உடலை அரியாமலே அத்தகைய துண்டுகளைக் காண்பதுதான் சி.ரி. முறை. எக்ஸ் கதிர்க் குழல் உடலைச் சுற்றி வருகின்றது. எதிர்ப்புறத்துள்ள உணர்கருவிகள், உடலைக் கடந்து வந்த கதிரின் அளவைப் பல கோணங்களில் குறித்துக்கொள்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு, உள்ளே ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுத்தது எனக் கணனி கணித்துப் படமாக்குகின்றது. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆம் திகதி இலண்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக இவ்வாறு படமாக்கப்பட்டது. இக்கணிதத்தைத் தனியே ஆராய்ந்திருந்த அலன் கோமக் என்பவருக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தமிழ் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலே நெடுங்காலம் பௌதிகத் துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை விளக்கிப் புகழ்பெற்றவர். அவரும் அவருடன் ஆராய்ந்த ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல கோணங்களிலிருந்து பெற்ற நிழல்களைக் கொண்டு உள்ளுருவத்தை விரைவாகவும் செம்மையாகவும் மீட்டெடுக்கும் கணித வழியை அக்கட்டுரை விளக்கியது. பிற்காலத்துச் சி.ரி. பொறிகள் பல ஆண்டுகளாகக் கையாண்ட முறைக்கு அது ஒரு முன்னோடியாயிற்று.

ஆனால் தொடக்கத்திலே இப்பொறி சிறுநீரகத்துக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. ஒரு சுற்றை முடிக்க அதற்குச் சில நிமிடங்கள் பிடித்தன. தலையை அசையாமல் வைத்திருக்கலாம். சிறுநீரகமோ ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகர்வது. 1989ஆம் ஆண்டையொட்டிச் சுருள் முறை வந்தது. மேசை நகர்ந்துகொண்டிருக்கையிலேயே குழலும் இடைவிடாது சுழன்றது. 1998ஆம் ஆண்டில், ஒரே சுற்றிலே நான்கு வெட்டுகளை எடுக்கும் பொறிகள் வந்தன. சில ஆண்டுகளில் அது 64 ஆயிற்று. இன்று ஒரு மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரத்துள் வயிறு முழுவதும் படமாகிவிடுகின்றது. ஒவ்வொரு வெட்டும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையது. அவற்றைக் கணனியிலே அடுக்கி, குழாயை நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்க்கவும் இயலும்.

இவ்வேகத்தின் பயனை முதலில் நன்கு கண்டது கல்லடைப்பு நோயிலேதான். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர், நிறமருந்து எதுவும் செலுத்தாமலே எடுத்த சி.ரி. படம், திடீரென விலாவில் வலியெடுத்தவர்களிடம் கல்லைத் தெளிவாகக் காட்டியதை எடுத்துரைத்தனர். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்துக்குத் தப்பும் யூரிக் அமிலக் கல்லும் இதற்குத் தப்புவதில்லை. கல் இல்லாதவிடத்து, வலிக்கு வேறு காரணம் இருந்தால், குடல்வால் அழற்சியோ பெருநாடி வீக்கமோ அதே படத்தில் வெளிப்படுவதும் உண்டு.

கல் உண்டு என்பதோடு படம் நின்றுவிடுவதில்லை. அதன் அளவு, இருக்கும் இடம், கடினம் ஆகிய மூன்றையும் அது கூறும். 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தாமாகவே வெளியேறுவன. அத்தகையோருக்கு வலி மருந்தும் பொறுமையும் போதும். 10 மில்லிமீற்றரை நெருங்க நெருங்க அந்த நம்பிக்கை குறையும். கடினத்தை அளக்க உதவுவது ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோல். அதிலே நீர் சுழியம். வாயு அதற்குக் கீழே ஆயிரம். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணைக் காட்டும் கல் பெரும்பாலும் மிகக் கடினமானது. 1980ஆம் ஆண்டு மியூனிக் நகரில் முதன்முதல் மனிதரிடம் கையாளப்பட்ட அதிர்வலைச் சிகிச்சைக்கு அது எளிதில் உடைந்து கொடாது. அத்தகைய கல்லுக்குக் குழாயினூடே கருவியைச் செலுத்தி உடைப்பதே மேலாகலாம். வீண் சிகிச்சையொன்றை முன்கூட்டியே தவிர்ப்பது நோயாளிக்குப் பேருதவியல்லவா?

2006ஆம் ஆண்டையொட்டி, வலு வேறுபட்ட இருவகை எக்ஸ் கதிர்களால் ஒரே வேளையில் படமெடுக்கும் பொறிகள் வந்தன. கல்சியமும் யூரிக் அமிலமும் அவ்விருவகைக் கதிர்களையும் வெவ்வேறு விதமாகத் தடுப்பதால், கல் எப்பொருளால் ஆனது என்பதையும் அறியலாயிற்று. யூரிக் அமிலக் கல்லாயின், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தினாலேயே அதனைக் கரைக்க முயலலாம். கத்தியும் வேண்டாம், அதிர்வலையும் வேண்டாம்.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. கல்லடைப்பின் வலி அலையலையாக வருவது. சில நாட்களில் முற்றாக ஓய்ந்துவிடுவதும் உண்டு. வலி நின்றது, கல் போய்விட்டது என்று எண்ணிப் பலர் வைத்தியசாலைப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் கல் குழாயிலேயே தங்கி, சிறுநீரகம் அழுத்தத்தால் வீங்கிச் சோர்ந்துபோனமையாலும் வலி அடங்கலாம். முழு அடைப்புச் சில வாரங்கள் நீடித்தால் அந்தச் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதுறும். மற்றது சுமையை ஏற்றுக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. கல் வெளியேறியதைக் கண்ணாற் கண்டாலன்றி, மீண்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதே அறிவுடைமை. கல்லடைப்போடு குளிர்க் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அடைபட்ட சிறுநீரிலே கிருமி பெருகிக் குருதியிற் கலப்பது உயிருக்கே ஆபத்து.

வலியின்றிச் சிறுநீரிலே குருதி தென்படுவது வேறொரு கேள்வியை எழுப்புகின்றது. சிறுநீரகத்திலோ குழாயிலோ பையிலோ கட்டி உண்டா என்பதே அது. இதற்கு நிறமருந்து இன்றியமையாதது. முதலில் மருந்தின்றி ஒரு படம். மருந்து செலுத்தி ஏறத்தாழ 100 செக்கனில் சிறுநீரகத் தசை ஒளிரும் வேளையில் ஒரு படம். பத்து நிமிடமளவில் மருந்து குழாய்களில் நிறைந்து ஓடுகையில் ஒரு படம். மூன்றையும் சேர்த்து நோக்கினால், மில்லிமீற்றர்க் கணக்கிலுள்ள வளர்ச்சிகளும் புலப்படலாம். ஆனாலும் சிறுநீர்ப்பையின் உட்சுவரிலே தட்டையாகப் படர்ந்த கட்டி சி.ரி. படத்துக்குத் தப்பக்கூடும். ஆதலால் நுண்குழல் கருவியைச் செலுத்திப் பையை நேரே காணும் முறை இன்றும் கைவிடப்படவில்லை.

மாளிகாவத்தை வைத்தியசாலையின் பெயரோடு இணைந்த மாற்றுச் சிகிச்சையிலே, படம் எடுக்கப்படுவது நோயாளிக்கு மட்டுமன்று, நோயற்றவருக்கும் எடுக்கப்படுகின்றது. தாய் மகனுக்கோ, கணவன் மனைவிக்கோ, தமையன் தங்கைக்கோ ஒரு சிறுநீரகத்தை ஈய முன்வருகையில், ஈவோரின் உடலை நுணுகி ஆராய வேண்டியது கடமையாகின்றது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களைத் தானம் செய்வதை ஒழுங்குபடுத்துகின்றது. ஆனால் எந்தச் சிறுநீரகத்தை எடுப்பது என்பதைச் சட்டம் கூறாது. படமே கூற வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் ஒரு நாடி என்று பள்ளிப் புத்தகம் படம் வரைந்து காட்டும். உண்மையிலே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒரு பக்கத்திலேனும் இரண்டோ அதற்கு மேலோ உண்டு. அறுவை மேசையில் அதனைத் திடீரெனக் காண நேர்ந்தால் ஆபத்து. முன்னெல்லாம் தொடை நாடியிலே குழாயைச் செலுத்தியே இதனை அறிந்தனர். இன்று கையிலுள்ள நாளத்தில் நிறமருந்து செலுத்தி எடுக்கும் சி.ரி. படமே நாடி, நாளம், சிறுநீர்க்குழாய் அனைத்தையும் தெளிவாக வரைந்து தருகின்றது. இரண்டிலே சிறந்ததை ஈவோருக்கே விட்டுவைத்து மற்றதை எடுப்பது மருத்துவ அறம். அந்த அறத்தைக் காக்க இப்படம் துணைநிற்கின்றது.

இவ்வளவும் காட்டும் பொறி, இந்நாட்டின் பெருந்துயரொன்றின்முன் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே, அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயிகளிடையே, காரணம் தெளிவாகப் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பது அறியப்பட்டு வந்துள்ளது. நீரிழிவாலும் உயர் குருதியமுக்கத்தாலும் சிறுநீரகம் பழுதுறுவோரோ நாடெங்கும் உளர். இந்நோய்களில் அடைப்பும் இல்லை, கட்டியும் இல்லை. நுண்ணிய வடிகள் மெல்ல மெல்ல அழிகின்றன. தொடக்கத்திலே சி.ரி. படம் எடுத்தால் சிறுநீரகத்தின் வடிவம் செம்மையாகவே தோன்றும். அது சுருங்கியது படத்தில் தெரியும் வேளையில் காலம் கடந்திருக்கும். உருவத்தைக் காண்பது வேறு, தொழிலை அளப்பது வேறு. தொழிலை அளப்பவை, குருதியிலே கிரியேற்றினின் அளவும் சிறுநீரிலே அல்புமின் அளவும் காணும் எளிய பரிசோதனைகளே. பெருஞ்செலவில் எடுத்த படம் "குறையில்லை" என்றது கண்டு, சிறு செலவிலான குருதிப் பரிசோதனையைக் கைவிட்டவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டவராவர்.

இனி, படத்தின் விலை. இங்கே கருதப்படுவது பணமன்று. எக்ஸ் கதிர் உயிரணுக்களுக்குச் சிறிது தீங்கு செய்யவல்லது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒருவர் ஓராண்டிலே பெறும் கதிரியக்கம் உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேட். வழக்கமான வயிற்றுச் சி.ரி. படமொன்று 8 முதல் 10 மில்லிசீவேட் வரை தரலாம்; மூன்று கட்டப் படத்திலே அது இன்னும் மிகும். ஒருமுறை எடுத்ததால் வரும் கேடு மிகச் சிறிது. தேவையான இடத்திலே அதற்கு அஞ்சிப் பின்வாங்குவது தவறு. ஆயினும் கல் மீண்டும் மீண்டும் வரும் இயல்புடைய நோய். இருபது வயதிலே கல் கண்ட இளைஞன் வலி வந்தபோதெல்லாம் சி.ரி. எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கல்லைத் தேடுவதற்கு மட்டும் 3 மில்லிசீவேட்டளவிலோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும் குறைகதிர் முறை இன்று உண்டு. உடல் மிகப் பருத்தவரிடம் அதன் தெளிவு சற்றுக் குறையும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதுவகைப் பொறி, கதிரின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே எண்ணவல்லது. குறைந்த கதிரில் நிறைந்த விவரத்தைத் தருவது அதன் சிறப்பு. சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் கதிரே இல்லாத கழியொலிப் பரிசோதனை, அதாவது அல்ட்ராசவுண்ட், முதலிடம் பெறுகின்றது. அடைப்பால் சிறுநீரகம் வீங்கியிருப்பதை அதுவே நன்கு காட்டும்.

நிறமருந்துக்கும் ஒரு விலை உண்டு. அதனை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகமே. சிறுநீரகமே நலிந்திருந்தால் அம்மருந்து மேலும் சுமையாகலாம். முன்னர் எண்ணிய அளவுக்கு இவ்வாபத்துப் பெரிதன்று என அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் சிறுநீரகத் தொழில் மிகக் குன்றியவரிடம் எச்சரிக்கை தேவை. ஆதலால்தான், மருந்து செலுத்துமுன் கிரியேற்றினின் அளவைக் கேட்கின்றனர். அதனைத் தாமதம் என்று சினப்பது பொருந்தாது. முன்னர் நிறமருந்தினால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டதுண்டா, நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரை உட்கொள்வதுண்டா, கர்ப்பமாயிருக்கக் கூடுமா என்னும் வினாக்களுக்கு மறைக்காது விடை கூறவேண்டும். பழைய படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு செல்லவேண்டும். ஆறு மாதத்துக்கு முன் 4 மில்லிமீற்றராயிருந்த கல் இன்று 7 ஆகியுள்ளதா என்பதைப் பழைய படம் இருந்தாலன்றி எவரும் கூறவியலாது. சில வேளை, பழைய படம் கையில் இருப்பதாலேயே புதிய படம் வேண்டாததாகிவிடும்.

மாளிகாவத்தைக்கோ வேறெந்த வைத்தியசாலைக்கோ உறையோடு செல்பவர், வைத்தியரிடம் பணிவோடு கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: "ஐயா, இந்தப் படத்தினால் எதை அறியப் போகிறீர்கள்?" கல்லையா, கட்டியையா, நாடியின் போக்கையா என்பது தெரிந்தால், நிறமருந்து வேண்டுமா, எத்தனை கட்டம், எவ்வளவு கதிர் என்பவையெல்லாம் அதிலிருந்தே முடிவாகும். பொறி எத்துணை நுட்பமாயினும், கேட்ட கேள்விக்கே அது விடை தரும். சரியான கேள்வியை வகுப்பதற்கு, நோயாளி தன் துன்பத்தை ஒளிக்காமல் உரைப்பதும் வைத்தியர் அதனைப் பொறுமையோடு கேட்பதும் இன்றும் தேவையாகவே இருக்கின்றன.